மூலை மடித்த நோட்டு

அந்த அலுவலகக் கட்டடத்துக்கு ஐந்து மாடி. அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரின் முகம் தெரியாது. ஆனால் படிக்கட்டு அக்காவைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. தரைத்தளத்தில் படிக்கட்டு வளைந்து மேலே ஏறும் இடத்தில், அடியில் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சும். மற்றக் கட்டடங்களில் அதில் துடைப்பமும் கால் உடைந்த நாற்காலியும் கிடக்கும். இங்கே அது கடை. செய்தித்தாள், பேனா, உறை, குண்டூசி, சோப்பு, பிஸ்கட், இருமல் மிட்டாய், தலைவலி மாத்திரை எல்லாம் கிடைக்கும். ஒரு முனையில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மறுமுனையில் கூரை படிப்படியாக இறங்கி வந்து தலையைத் தொடும். அங்கே உட்காரத்தான் முடியும். அந்த முனையில் கல்லாப்பெட்டி. அதன் முன்னால் அக்கா.

அவருக்குக் கண் தெரியாது. மேலே ஏறுகிறவர் யார், இறங்குகிறவர் யார் என்பதைக் காலடியை வைத்தே சொல்லிவிடுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஒருமுறை வியந்துபோய், "காது ரொம்பக் கூர்மைங்க உங்களுக்கு" என்றார்.

"கூர்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தினமும் என் தலை மேல மிதிச்சுட்டுப் போறீங்க. தெரியாம எப்படி இருக்கும்?" என்றார் அக்கா.

தன் ஆயுளில் அவர் மூன்று பணம் பார்த்தார். கண்ணால் பார்த்தது முதல் பணத்தை மட்டும்தான். பழைய ஆட்சியின் ஓட்டைக்காசு அது, நடுவில் துளை போட்ட செம்பு. அவருடைய அம்மா அதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகியிருப்பார். கடையில் கயிற்றை அவிழ்த்துக் காசைக் கழற்றி எண்ணும்போது குழந்தை அந்தத் துளை வழியாக ஒற்றைக் கண்ணால் தெருவைப் பார்க்கும். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து பார்வையைக் கொண்டுபோனது. நிறங்கள் எல்லாம் மெல்ல மறந்துபோயின. ஓட்டைக்காசின் பழுப்பு மட்டும் போகவில்லை. யாராவது "இது பழுப்புச் சேலை" என்றால் அக்காவின் மனதில் இன்றைக்கும் ஒரு காசுதான் வரும்.

இரண்டாவது பணம் ஆட்சி மாறியதோடு வந்தது. அது முழுக்கத் தாள். அந்த நோட்டுகளை வடிவமைத்தவர் யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர் அக்காவுக்குப் பெரிய உபகாரம் செய்தார். மதிப்பு ஏற ஏற நோட்டின் நீளமும் ஏறியது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஒரு நகம் வித்தியாசம், ஐந்துக்கும் பத்துக்கும் இன்னொரு நகம். நடுவிரல் நுனியில் நோட்டை வைத்து, மறுமுனை உள்ளங்கையில் எங்கே வந்து முட்டுகிறது என்று பார்த்தால் போதும். அந்தக் கையளவை நம்பித்தான் நலத்துறை அவருக்குக் கடை உரிமம் கொடுத்தது. கணக்குப் பிரிவிலிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர், சோதித்துப் பார்க்கிற ஆசையில், பத்து நோட்டின் அளவுக்கு அச்சாகச் செய்தித்தாளை வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நேத்து பேப்பர்ங்க. அதுவும் இங்க வாங்கினதுதான். காசு இன்னும் வரல."

கண்ணாடிக்காரர் அன்றைக்கே பாக்கியைக் கொடுத்தார்.

பிறகு விலைவாசி ஏற ஆரம்பித்தது. நூறு நோட்டு வந்தது, ஆயிரம் வந்தது, பத்தாயிரம் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு நகம் நீளம். தையல்காரர்கள் சட்டைப் பையை ஆழமாக்கினார்கள். பணப்பைக்கு வெளியே நோட்டு நாக்கைத் தொங்கப்போட்டது. ஒரு சோப்புக்கு ஒரு கற்றை கொடுக்க வேண்டியிருந்தது. லட்சம் நோட்டு வந்த அன்று அக்கா அதை நடுவிரலில் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டைத் தாண்டிப் போனது.

"அரசாங்கம் நோட்டை நீட்டிக்கிட்டே போகுது. என் கைதான் நீளமாட்டேங்குது" என்றார்.

மூன்றாவது பணம் வந்தது அதற்குப் பிறகுதான். பழையதில் ஆயிரம், புதியதில் ஒன்று. மூன்று சைபரை வெட்டிவிட்டார்கள். கட்டடத்தின் லிஃப்ட்காரர் ஒரு வாரம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்: "நேத்து லட்சாதிபதியா படுத்தேன். காலைல நூறாதிபதியா எழுந்திரிச்சேன்." லிஃப்ட்காரர் வாயைத் திறந்தால் மூட மாட்டார். லிஃப்ட் கதவு சாத்தியதும் பேச ஆரம்பிப்பார்; மாடி வந்து கதவு திறந்தாலும் முடித்திருக்க மாட்டார். மாட்டிக்கொண்டவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புதிய நோட்டுகளின் மாதிரியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள். கூட்டம் நெரிந்தது. "நல்லா இருக்கு", "மயில் நீலம்", "ஐம்பது பாரு, என்ன பளபளப்பு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்கா கடையிலிருந்தபடியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் கேட்க நினைத்ததை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மாடி டைப்பிஸ்ட் பெண் பக்கத்தில் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தங்கச்சி, நீளம் எப்படி?"

"எது நீளம்?"

"ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

டைப்பிஸ்ட் திரும்பிப் போய்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் ஒரே அளவுக்கா" என்றாள். "எண்ணற மெஷினுக்குச் சுலபமா இருக்கணும்னு ஒரே அளவா அடிச்சிருக்காங்களாம்."

ஓரத்தில் தடவினால் தெரிகிற மாதிரி மேடான புள்ளிகள் உண்டு என்று வானொலியில் சொன்னார்கள். பொய்யில்லை. வங்கியிலிருந்து சூடாக வந்த நோட்டில் புள்ளிகள் மணி மணியாக இருந்தன. நாலு பேர் கை பட்டு, வியர்வையில் நனைந்து, பின்பாக்கெட்டில் உட்கார்ந்து எழுந்து கடைக்கு வரும்போது எல்லாம் வழுவழுவென்று ஆகியிருந்தன.

அக்கா வாயால் கேட்க ஆரம்பித்தார். "என்ன நோட்டுங்க?" நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உண்மையைச் சொன்னார்கள். மீதி ஐந்து பேரை என்ன செய்வது? காலை நெரிசலில் யாரோ ஒன்றைக் கொடுத்துப் பத்து என்றார்கள். அவரும் தவறினார். சில்லறை கொடுக்கும் அவசரத்தில் ஐந்துக்குப் பதில் ஐம்பதைக் கொடுத்தார். சிலர் திருப்பிக் கொண்டுவந்து தந்தார்கள். சிலருக்குத் தெரியவில்லை. சிலருக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் டைப்பிஸ்ட் வந்து ஒவ்வொரு நோட்டாகச் சொல்லச் சொல்ல அக்கா பிரித்து வைப்பார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையும்.

குறைவது சின்ன விஷயமில்லை. சரக்கு நலத்துறைக் கிடங்கிலிருந்து கடனாக வரும். மாதம் முடிந்ததும் அந்தத் தொகையை முழுசாகக் கட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் துண்டு விழுந்தால் உரிமம் நெருங்கிய உறவினர் பெயருக்கு மாறிவிடும். முதல் மாதம் துண்டு விழுந்தது. இரண்டாம் மாதமும் விழுந்தது.

நெருங்கிய உறவினர் என்றால் தம்பி. அக்கா இருந்தது அவன் வீட்டில்தான். பஸ் கூண்டு கட்டும் பட்டறை மூடியதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள். மனைவி தெருவுக்கே துணி இஸ்திரி போட்டுக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். தம்பி கெட்டவன் இல்லை. கடையின் மடக்குக் கதவைச் செய்து கொடுத்தவனே அவன்தான். கல்லாப்பெட்டியில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தட்டு வைத்ததும் அவன்தான். அதனால்தான் அவன் பேச்சு அக்காவை அதிகம் உறுத்தியது.

"எத்தனை வருஷம் அந்தப் பொந்துக்குள்ள உக்காந்திருப்ப? நான் போறேன்க்கா. நீ வீட்ல நிம்மதியா இரு."

"நிம்மதியா இருந்து?"

"பிள்ளைங்களப் பாத்துக்க. பாட்டுக் கேளு."

"பாட்டு எவ்வளவு நேரம்டா கேக்கறது?"

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். கெட்டதுக்குச் சொல்லியிருந்தா சண்டை போட்டுருப்பேன்."

கல்லா முன்னால் அவன் ஒருநாள் உட்கார்ந்துவிட்டால், மறுநாள் அவனை எழுப்பிவிட்டு உட்காரத் தனக்கு மனசு வராது என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் அந்தப் படிக்கட்டின் காலடிகள் எல்லாம் வேறு யாருடைய தலை மேலோ கேட்கும். அதனால் கடையில் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் மூச்சு விடவில்லை.

மடிக்கிற வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்பதில் மூன்று பேச்சு உண்டு. யோசனை தன்னுடையது என்பார் லிஃப்ட்காரர். டைப்பிஸ்ட் சொன்னது என்பார் அக்கா. "நான் ஒண்ணும் சொல்லல, தினமும் எண்ணி எண்ணி பஸ்ஸ விட்டேன், அதான்" என்பாள் டைப்பிஸ்ட். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இது. டைப்பிஸ்ட் ஒருமுறை சொன்ன நோட்டை மறுநாளும் அவளையே கேட்க வேண்டாம் என்று அக்கா அடையாளம் செய்ய ஆரம்பித்தார். ஒன்று அப்படியே இருக்கும். ஐந்துக்கு ஒரு மூலை மடிப்பு. பத்துக்கு ஒரே பக்கத்தில் இரண்டு மூலை. ஐம்பதுக்கு நீளவாக்கில் நடுவே ஒரு மடிப்பு. அந்த நோட்டுகள் மறுநாள் சில்லறையாக வெளியே போயின. ஒன்று லிஃப்ட்காரர் கைக்குப் போனது.

"அக்கா, நோட்டு மூலை மடங்கியிருக்கு."

"மடங்கல. மடிச்சிருக்கேன். அது அஞ்சு."

"அப்ப நான் இதை நீட்டிட்டா?"

"நீங்க நீட்டிட்டா எனக்கு அது ஒண்ணு."

லிஃப்ட்காரர் இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நீட்டலன்னா? இப்படியே திரும்பி வந்தா?"

"வந்தா எனக்குக் கேக்கற வேலை மிச்சம்."

அவ்வளவுதான். அன்று மாலைக்குள் ஐந்து மாடிக்கும் செய்தி ஏறிவிட்டது. லிஃப்ட்காரர் ஏற்றி இறக்கிய ஒவ்வொருவருக்கும், கதவு சாத்தியதிலிருந்து திறக்கும்வரை, எந்த நோட்டுக்கு எத்தனை மூலை என்று பாடம் நடந்தது. மறந்தவர்களுக்கு இறங்கும்போது மறுபடி நடந்தது. மாடிப்படியில் போகிறவர்களையும் விடவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கத்தினார். சில நாட்களில், கடைக்கு வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே நோட்டின் மூலையை மடித்து நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்க்கிற சத்தம் அக்காவுக்குக் கேட்க ஆரம்பித்தது. சம்பள நாளில் அந்த வரிசை முழுக்க ஒரே சரசரப்பு.

கண்ணாடிக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "வேணும்னே தப்பா மடிச்சுக் குடுத்தா என்ன பண்ணுவீங்க? ஒண்ணுல ரெண்டு மூலை மடிச்சா அது பத்து ஆயிடுமே."

"வாயால பொய் சொல்றது சுலபங்க, நெனைக்கறதுக்குள்ள வந்துடும்" என்றார் அக்கா. "கையால பொய் சொல்லணும்னா உக்காந்து ரெண்டு மூலை மடிக்கணும். மடிக்கும்போது யாருக்குன்னு நினைப்பு வரும். அதுக்கப்புறமும் ஒருத்தன் வந்து நீட்டினா, போகட்டும், கூலின்னு வச்சுக்கறேன்."

அப்படி ஒருவரும் நீட்டவில்லை.

ஒரே எதிர்ப்பு வங்கியிலிருந்து வந்தது. நோட்டை மடிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று அங்கே பலகை இருந்தது. எண்ணும் இயந்திரத்தில் மூலை மடிந்த நோட்டு சிக்கிக்கொள்கிறது என்று காசாளர் முணுமுணுத்தார். "அந்த ஆபீஸ் நோட்டா? பூரா காதை மடிச்சுக்கிட்டு வருது" என்று சலித்துக்கொண்டே ஒவ்வொன்றாக நீட்டிவிடுவார்.

மூன்றாம் மாதம் கல்லா குறையவில்லை. கடைசி வாரம் கட்டடத்துக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. பணத்தைக் கடையில் வைக்க மனமில்லாமல் அக்கா பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். விடுமுறை முடிந்த காலையில் நலத்துறை ஆய்வாளர் வருகிறார். தொகையை அவர் கையில் கட்ட வேண்டும். கூடவே தம்பியையும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. துண்டு விழுந்தால் அங்கேயே பெயர் மாற்றிவிடலாம் என்பதற்காக.

விடுமுறையின் இரண்டாம் நாள் மதியம் அக்கா குளிக்கப் போயிருந்தபோது தம்பி மனைவி பையைத் திறந்தாள். எடுக்க இல்லை. எண்ணக்கூட இல்லை. அவளுக்குச் சுருக்கம் என்றால் ஆகாது. கைக்குட்டைக்குக்கூட நாலு மடிப்பு எடுத்துத் தேய்க்கிறவள். நாளைக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்து வாங்கப்போகிற பணம் இப்படிக் காது மடங்கிக் கிடக்கிறதே என்று பார்த்தாள். இஸ்திரிப்பெட்டி சூடாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டாக எடுத்துக் கொடுக்க, மெல்லிய துணியை மேலே போட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நிறம் கலந்து கைக்கு வந்த வரிசையிலேயே அடுக்கி, நாடா கட்டி, பைக்குள் வைத்தாள். அக்காவுக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. மடிப்பின் சங்கதி அவளுக்கு எப்படித் தெரியும்? அக்காதான் வீட்டில் வாயைத் திறக்கவில்லையே.

காலையில் கடைக் கதவை மடக்கிவிட்டு அக்கா உட்கார்ந்தார். தம்பி பக்கத்தில் நின்றான். டைப்பிஸ்ட் இன்னும் வரவில்லை. லிஃப்ட் கதவு திறந்தது. அறிமுகமில்லாத, அடி கனமான செருப்புச் சத்தம் ஒன்று நேராகக் கடையை நோக்கி வந்தது.

"நான் ஆய்வாளர். மேல நிர்வாகப் பிரிவுல உங்க ஃபைலை வாங்கிட்டு வரேன். ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாங்க."

"நீங்களே எண்ணிக் குடுக்கணும்மா. யாரும் சொல்லித் தரக் கூடாது. கடைய நீங்கதான் நடத்தறீங்கன்னு நான் எழுதணும் இல்லையா, அதுக்காக."

அக்கா பைக்குள் கையை விட்டார். மடிந்தும் பிதுங்கியும் கிடக்க வேண்டிய நோட்டுகள் செங்கல் மாதிரி ஒரே கட்டாகக் கையில் வந்தன. துவைத்த துணியின் வாசனை. விரல் ஓட்டிப் பார்த்தார். நான்கு மூலையும் நேராக இருந்தன. எந்த நோட்டை எடுத்தாலும் நான்கு மூலையும் நேர். இஸ்திரிப்பெட்டியின் வேலை என்பது ஒரே நொடியில் புரிந்தது. யாரைத் திட்டுவது என்பதுதான் புரியவில்லை.

தம்பிக்கு எதுவும் தெரியாது. ஆனால் அக்காவின் கை நின்றுபோனதைப் பார்த்துவிட்டான். குனிந்து மெதுவாக, "குடுக்கா, நான் எண்ணறேன்" என்றான்.

"நீ எண்ணினா அது உன் கடை."

"அப்படி இல்லக்கா..."

"அப்படித்தான்டா. சும்மா இரு."

தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த காலடிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைக்கு முன்னாலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். லிஃப்ட் கதவு திறந்தபடியே கிடந்தது. மேல் மாடியில் யாரோ மணியை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள், லிஃப்ட்காரர் அசையவில்லை.

அக்கா முதல் நோட்டை உருவினார். தடவினார். ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், கட்டைவிரல் ஒரு மூலையை மடிக்கப் போனது.

மூலை தானாக மடிந்தது.

அக்கா மறுபடி நீட்டிவிட்டு மறுபடி தள்ளினார். தாள் எதிர்க்கவே இல்லை. ஏற்கெனவே மடித்த அதே கோட்டில், கீல் வைத்த கதவு மாதிரி, சொன்னபடி கேட்டது. அடுத்த மூலையைத் தள்ளிப் பார்த்தார். அது விறைப்பாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. மற்ற இரண்டும் அப்படித்தான். ஒரு மூலை மட்டும் மடிகிறது. ஐந்து.

அடுத்தது. இந்த மூலை மடிகிறது, அதே பக்கத்து மூலையும் மடிகிறது. பத்து. அடுத்ததில் நான்கும் விறைப்பு, நடுவிலும் விறைப்பு. ஒன்று. இன்னொன்று நீளவாக்கில் நடுவே சோர்ந்து விழுந்தது. ஐம்பது. இஸ்திரிப்பெட்டி மடிப்பை நீட்டியிருந்ததே தவிர, மடித்ததை இல்லையென்று ஆக்கவில்லை.

அக்காவின் கை வேகம் பிடித்தது. கல்லாவின் தட்டுகளில் நோட்டுகள் விழ ஆரம்பித்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் என்ன செய்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. ஒவ்வொரு நோட்டையும் காதைப் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டுப் போடுகிறார் என்றுதான் தெரிந்தது. ஒன்றும் தட்டு மாறவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

கட்டின் அடிப்பகுதியில் ஒரு நோட்டு அவரை நிறுத்தியது. யாரோ சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்திருக்க வேண்டும். துணி மாதிரி நைந்திருந்தது. எந்த மூலையைத் தள்ளினாலும் மடிந்தது, நடுவிலும் மடிந்தது. அக்கா இரண்டு தரம் பார்த்தார். ஊகித்துப் போட்டுவிடலாம். சரியாகவும் இருக்கலாம்.

"இது எனக்குத் தெரியலைங்க" என்றார்.

தம்பி வாயைத் திறந்தான். "யாரும் பேசக் கூடாது" என்றார் ஆய்வாளர்.

பிறகு ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த நோட்டைக் குடுங்க. நைஞ்ச நோட்டு கருவூலத்துல வாங்க மாட்டாங்க. நான் என்கிட்ட இருக்கறதை மாத்திக் குடுக்கறேன். அதுக்கு விதியில இடம் இருக்கு."

அக்கா நீட்டினார். பணப்பை திறக்கிற சத்தம். அப்புறம் அக்காவுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சத்தம்: தாளின் மூலையை மடித்து நகத்தால் ஒரு தேய்ப்பு. சற்று நிறுத்தி, இன்னொரு தேய்ப்பு. அவர் கைக்கு வந்த நோட்டில் இரண்டு மூலை மடிந்திருந்தது.

ஆய்வாளர் மேலே போய் ஃபைலை வாங்கிக்கொண்டு கீழே வந்தது லிஃப்டில் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பத்து" என்று சொல்லித் தட்டில் போட்டார்.

தொகை முழுசாக வந்தது. சில்லறையாகக் கொஞ்சம் மிஞ்சியது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். போகிறபோது ஒரு பேனா வாங்கினார்; அதற்கும் மடித்துக் கொடுத்தார். லிஃப்ட்காரர் அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனார். அவர் அன்று எத்தனை பேரிடம் எத்தனை விதமாக அந்தக் காலையைச் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. சாயங்காலத்துக்குள் நைந்த நோட்டு மூன்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தம்பி மனைவி முழுசாகக் கேட்பதற்குள் அழ ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது. நல்லா இருக்கட்டும்னுதான்..."

"நல்லாத்தான்மா இருந்துச்சு. அழாத. இனிமே வாராவாரம் நீதான் தேய்க்கணும்."

"என்னக்கா கேலி பண்றீங்க?"

"கேலி இல்ல. மடிச்சு, அப்புறம் நீட்டித் தேய்ச்சுட்டா, எனக்கும் தெரியும், பேங்க்லயும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அப்படியே நடந்தது. காசாளரின் முணுமுணுப்பு நின்றது. தேய்ப்புக் கூலியாக வாரம் ஒரு சோப்பு என்று பேசி முடித்தார்கள். துவைத்து நைந்த நோட்டை மட்டும் அக்கா அதற்குப் பிறகு வாங்கும்போதே கேட்டுவிடுவார்.

தெரியாததைத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன அந்த ஒரு நிமிஷத்தைத்தான் கட்டடத்தில் பலரும் இன்றும் பேசுகிறார்கள். கண்ணாடிக்காரர், ஓய்வு பெறும் வரையிலும், தன் சம்பளத்தில் கடைக்கென்று எடுத்து வைக்கிற நோட்டுகளை வீட்டிலேயே மடித்துக் கொண்டுவருவார். அக்கா அதற்கப்புறமும் அந்த முக்கோணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போது மறுபடியும் நோட்டு மாறப்போகிறது என்கிறார்கள். லிஃப்ட்காரர் பதறிக்கொண்டு வந்து சொன்னபோது அக்கா நீளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "தாள்தானே? பாத்துக்கலாம்" என்றார்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வாளர் முன்னால் நின்ற அன்று அவன் அப்படியே கிளம்பிப் போனான். இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபமா, வெட்கமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு நலத்துறைக் கிடங்கில் சரக்கு வண்டி தள்ள ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தான். படிக்கட்டுக் கடைக்குச் சரக்கு கொண்டுவருவதும் அவன் முறையில்தான் வந்தது.

முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் காலை, அக்காவின் தலைக்கு மேல் படியில் ஒரு காலடி ஏறி, மாடியில் சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கியது. தெரிந்த காலடி, ஆனால் அந்தப் படியில் புதிது. அது வரிசையில் வந்து நின்றது. முறை வந்ததும் கல்லாவுக்கு முன்னால் வந்தது.

"ஒரு சோப்பு" என்றான்.

"வீட்லதான் வாரம் ஒண்ணு போகுதே."

"அது அவளோட கூலி. இது நான் வாங்கறது."

அக்கா சோப்பை எடுத்து வைத்தார். அவன் நோட்டை நீட்டினான். அக்கா மூலையைத் தடவிப் பார்த்தார்.

"மடிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"கோணல்" என்றார் அக்கா. "ஆனா அஞ்சுதான்."